அப்பாவின் செருப்பு கழன்றது அவருக்கே தெரியவில்லை: சுகர் உள்ளவர் காலுக்கு எந்தச் செருப்பு?

செல்லூர் தறிவீடு | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 66. சுகர் வந்து பதினைந்து வருடம் இருக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், சாப்பாட்டிலும் கட்டுப்பாடுதான். போன வாரம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வந்து வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. "இன்னொன்று எங்கேப்பா?" என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். "கூட்டத்தில் கழன்றிருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கிவிட்டது.

காலில் வலி கிடையாது, புண்ணும் இல்லை. ராத்திரியில் பாதம் எரிகிறது என்பார். சில நாள் மெத்தை மேல் நடப்பது போல இருக்கிறது என்பார்.

புதுச் செருப்பு வாங்க வேண்டும். "டயாபெடிக் செருப்பு" என்று அட்டை ஒட்டி 400 ரூபாய்க்கும் இருக்கிறது, 3000 ரூபாய்க்கும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? இன்னொரு கவலையும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவது அப்பாவின் நேர்த்திக்கடன். வருடா வருடம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு மூன்றுமாவடி போய், அங்கிருந்து வைகை ஆற்றுக்கு வெறுங்காலோடு வருவார். இந்த வருடமும் போவேன் என்கிறார். விடலாமா?

மாசி வீதி காலணி | சனி, இரவு 10.15

தங்கச்சி, செருப்புக் கடையிலேயே என் காலம் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் கடைப் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன். அந்த அட்டையை நம்பாதீர்கள். தொட்டால் மெத்தென்று இருக்கிற எதற்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள்.

ஹவாய் செருப்பும் வேண்டாம், கட்டைவிரல் வளையம் வைத்ததும் வேண்டாம். அவை காலில் நிற்பதே விரல் இறுக்கிப் பிடிப்பதால்தான். உணர்ச்சி குறைந்த காலில் அந்தப் பிடி தளர்ந்துவிடும், கழன்றாலும் தெரியாது. விரலிடுக்கில் வார் உரசிப் புண் வந்தாலும் தெரியாது. குதிகாலைச் சுற்றிப் பின்வார் இருக்க வேண்டும். மேலே அகலமான பட்டைகள், வெல்க்ரோ வைத்தது. கால் வீங்குகிற நாளில் தளர்த்திக்கொள்ளலாம்.

சாயங்காலம் வாங்க வாருங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்றுப் பருத்திருக்கும். அப்பாவை ஒரு தாள் மேல் நிற்க வைத்து இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்து வாருங்கள். செருப்பை அந்தப் படத்தின் மேல் வைத்தால் கோடு எங்கேயும் வெளியே தெரியக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

ஒன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். சுகர் உள்ள பெரியவர்கள் பலர் ஒரு அளவு சின்னதாகக் கேட்பார்கள். "இதுதான் பிடிப்பாக இருக்கிறது" என்பார்கள். இறுக்கிப் பிடித்தால்தான் அவர்களுக்குச் செருப்பு போட்டிருப்பதே தெரிகிறது. அதனால் "எப்படி இருக்கிறது?" என்று அப்பாவிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் கையை விட்டுப் பாருங்கள்.

வார்டு சிஸ்டர் | சனி, இரவு 11.05

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வலி இல்லை, புண் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியதே அந்த வலி இல்லாமைக்குத்தான். சுகர் வார்டில் விரல் கறுத்து வருகிறவர்களிடம் ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டால், "வலிக்கவே இல்லையே சிஸ்டர்" என்றுதான் சொல்கிறார்கள். எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கும். எரிகிறது என்பதால் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அப்பாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவர் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக லேசாகத் தொடுங்கள். ஓரிரு நொடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாத விரலை மறுபடி தொட்டுத் தொட்டுச் "சரியாகச் சொல்லுங்கப்பா" என்று கேட்கக் கூடாது. மகள் மனம் சங்கடப்படும் என்று அவர் ஊகித்துச் சொல்லிவிடுவார்.

அப்புறம் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். காய்ப்பு, வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, நிறம் மாறிய இடம் எதுவானாலும் இங்கே எழுதுங்கள். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாகி வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். காலின் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்குகிற சார்கோ என்ற நிலை அப்படித்தான் தொடங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம்.

இயற்கை வழி | ஞாயிறு, காலை 6.30

எதற்கு இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? காலையில் புல்லில் வெறுங்காலோடு நடந்தால் நரம்பு தூண்டப்படும். குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பு போடச் சொல்லுங்கள். ராத்திரி வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை ஊற வைத்தால் எரிச்சல் அடங்கும். என் மாமாவுக்கு நன்றாகவே கேட்டது.

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, காலை 7.10

மாமாவுக்கு உணர்ச்சி நன்றாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தார். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் உணர்ச்சி குறைந்த காலுக்கு இந்த மூன்றும் ஆகாது. குமிழ் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் குத்தி அழுத்திக்கொண்டே இருக்கும். நமக்கு என்றால் வலித்ததும் காலை மாற்றி வைப்போம், அவர் வைக்க மாட்டார். வெந்நீரில் வெந்து கொப்பளித்த கால்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோய்ச் சொல்கிறேன். கால் கழுவுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், அதையும் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஊற வைக்கவே வேண்டாம், தோல் நைந்துபோகும்.

கழுவித் துடைத்த பிறகு பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். சுகரில் பாதத்து வியர்வை குறைந்து தோல் வறண்டு பித்தவெடிப்பு வருகிறது. அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங் | ஞாயிறு, காலை 8.20

சிஸ்டர் சூட்டைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நான் ஓட்டியதெல்லாம் எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே இருக்கிற பழைய வண்டிகள். திருமங்கலம் தாண்டினால் காலுக்குக் கீழே தகடு கொதிக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது பாதத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொப்புளம். ஓட்டும்போது ஒன்றுமே தெரியவில்லை. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. இப்போதும் லாரி, வேன் ஓட்டுகிற தம்பிகள் சுகர் இருந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். பைக்கில் பின்னால் உட்காருகிறவர்களும் சைலன்சர் பக்கம் காலைக் கவனியுங்கள்.

செல்லூர் தறிவீடு | ஞாயிறு, காலை 10.30

சிஸ்டர், சோதனை செய்தேன். இடது காலில் மூன்று விரலும் தெரியவில்லை. வலது காலில் சுண்டுவிரல் தெரியவில்லை. அப்பாவே கண்ணைத் திறந்து, "தொட்டாயா என்ன?" என்று கேட்டார்.

இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்கிற இடத்தில், மஞ்சளாகக் கெட்டியான காய்ப்பு இருக்கிறது. நடுவில் மிளகு அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. அது ரொம்ப நாளாக இருக்கும் கால் ஆணி என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை பிளேடால் சீவிவிட்டு எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் கார்ன் கேப் கொடுத்தார்கள், இன்னும் ஒட்டவில்லை.

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, காலை 10.42

ஒட்டாதீர்கள். சீவாதீர்கள். எருக்கம்பால், சூடு வைப்பது எதுவும் வேண்டாம். கார்ன் கேப்பில் இருக்கிற அமிலத்துக்குக் காய்ப்பும் ஒன்றுதான், நல்ல தோலும் ஒன்றுதான், இரண்டையும் அரித்துவிடும்.

காய்ப்புக்குள் கருஞ்சிவப்புப் புள்ளி என்றால் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. மேலே மூடியிருந்தாலும் உள்ளே புண் இருக்கலாம். நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற மருத்துவரிடம் போனாலும் சரி, இரண்டு சாக்ஸையும் கழற்றிக் காலைக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். சுகர் அளவை மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதிர்வு தெரிகிறதா என்று பயோதீசியோமீட்டரில் பார்ப்பார்கள். 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் தெரிகிறது என்றால் புண் வர வாய்ப்பு அதிகம். ரத்த ஓட்டத்துக்குக் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். அப்பா பீடி குடிப்பார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதுவரை அந்தக் காலை ஊன்றி அதிகம் நடக்க விடாதீர்கள்.

வாடிப்பட்டி வயக்காடு | ஞாயிறு, மதியம் 1.15

தாயி, உடனே போ. எனக்கு வலது காலில் இரண்டு விரல் கிடையாது. வரப்பில் வேலிக்கருவை முள் ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதோடு நடவு வேலையெல்லாம் பார்த்தேன். வீட்டில் நாற்றம் வருகிறது என்று என் சம்சாரம் சொன்ன பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தோம்.

இப்போது ராத்திரி படுக்கும் முன் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டு அதன் மேல் பாதத்தைக் காட்டிப் பார்ப்பேன். கண் சரியாகத் தெரியாத அன்றைக்குப் பேத்தி பார்ப்பாள். செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டிவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவுவேன். கல்லு, முள்ளு, பொத்தான், ஒரு தடவை தேள்கூட இருந்தது. காடு கழனியில் வேலை பார்க்கிறவர்கள் மெத்து செருப்பை வாங்கினால் முள் சுலபமாக ஏறும். அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்ரோ ரப்பர் | ஞாயிறு, மாலை 5.50

அய்யா, அதற்கு வழி இருக்கிறது. நான் வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் செருப்பு செய்யப் பயிற்சி எடுத்தவன், இப்போது மதுரைப் பக்கம் வேலை பார்க்கிறேன்.

எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பை. ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். உடம்பு எடையை ஒரே இடத்தில் விழவிடாமல் பாதம் முழுக்கப் பரப்பும். இது முதலில் வந்தது தொழுநோயால் உணர்ச்சி போன கால்களுக்காக, நம் வேலூர்ப் பக்கத்தில். 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்து நடந்து கால் அழிகிறது என்றார். பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் கொண்டுபோனார். இன்று மதுரையில் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கிற செருப்புக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

இந்த வரலாறு தெரிந்த சில பேர், "இது குஷ்டக்காரர் செருப்பு, நான் போட மாட்டேன்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்கும்போது வருத்தமாக இருக்கும். இப்போது சாதாரணச் செருப்பு மாதிரியே பல டிசைனில், பல நிறத்தில் வருகிறது. பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அய்யா கேட்டதற்கு வருகிறேன். காலைத் தொடுகிற தட்டு மட்டும்தான் மெத்தென்று, கிட்டத்தட்ட 15 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கிற அளவு) கடினத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தரையைத் தொடுகிற அட்டை முள் ஏறாத கெட்டி ரப்பராக இருக்க வேண்டும். முழுக்க மெத்தாக இருப்பதை வாங்கினால் முள்ளும் ஏறும், கொஞ்ச நாளில் அமுங்கித் தட்டையாகவும் போய்விடும். மேல் தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி, எடுத்ததும் எழும்ப வேண்டும். பெருவிரல் மேட்டின் கீழே மட்டும் நிரந்தரமாகக் குழி விழுந்துவிட்டால் அந்தத் தட்டின் ஆயுள் முடிந்தது.

இதை எல்லோரும் கவனியுங்கள்: இந்தச் செருப்பில் ஆணியே இருக்கக் கூடாது. ஒட்டியோ தைத்தோதான் செய்வோம். வார் பிய்ந்துவிட்டது என்று ரோட்டோரத்தில் கொடுத்தால் சின்ன ஆணி ஒன்றை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ரப்பர் அமுங்க அமுங்க ஆணியின் முனை மேலே எழும்பும். ஒரு அரிசி முனை அளவு எழும்பினால் போதும், ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் குத்தும். தைத்துத் தரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

செல்லூர் தறிவீடு | செவ்வாய், இரவு 8.30

நேற்று கூட்டிப் போய் வந்தோம். காய்ப்பைச் சீவி எடுத்ததும் உள்ளே சின்னப் புண் இருந்தது. ஆழமில்லை, எலும்புவரை போகவில்லை, ரத்த ஓட்டமும் பரவாயில்லை என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வேறு மாதிரி போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் அப்பா பேசவே இல்லை. கட்டுப் போட்டு, அந்த இடத்தில் எடை விழாதபடி ஃபெல்ட் அட்டை வைத்திருக்கிறார்கள். புண் ஆறும்வரை நடையைக் குறைக்க வேண்டும், ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பு, வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சிஸ்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

வீட்டுக்குள் செருப்பு என்றதும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. லட்சுமி இருக்கிற வீடு என்கிறார். அழகர் விஷயத்தில் அப்பாவும் பிடிவாதமாகவே இருக்கிறார்.

மாசி வீதி காலணி | செவ்வாய், இரவு 9.05

வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி, வாசல்படி தாண்டாதது. கடையில் இருந்து பெட்டியோடு வந்து நேராக வீட்டுக்குள் போனது. வேறு நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. பூஜை அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, கழற்றிவிட்டு உட்கார்ந்தே சாமி கும்பிடட்டும். இப்படிச் சொன்னபோது ஒத்துக்கொண்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷர் நாள் முழுக்க எங்கே அதிகம் நடக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள், வீட்டுக்குள்தான்.

தல்லாகுளம் கருப்பன் | செவ்வாய், இரவு 10.20

அண்ணன் மகளே, நானும் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவன்தான், அதனால் உன் அப்பா மனது எனக்குப் புரியும். வேண்டுதலை விட்டால் குறை வந்துவிடும் என்ற பயம் அது. அதைக் கேலி செய்தாலோ அதட்டினாலோ கேட்க மாட்டார்.

சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் தார் ரோடு எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். நல்ல காலே பொத்துப்போகும். தண்ணீர் பீய்ச்சுகிற இடமெல்லாம் ஈரம், கூட்டத்தில் மிதி வேறு. சாக்ஸ் போட்டாலும் நனைந்து ஊறிவிடும். இதில் கால் கட்டோடு போக வழியே இல்லை.

எங்கள் பக்கம் உடம்புக்கு முடியாத பெரியவர்கள், தண்ணீர் பீய்ச்சுகிற ஆட்டுத்தோல் பையான தோப்பறையைப் பூஜை போட்டு மகனிடமோ பேரனிடமோ கொடுப்பார்கள். அவன் போய்ப் பீய்ச்சுவான். பெரியவர் மண்டகப்படியில் உட்கார்ந்து வருகிற சனத்துக்கு நீர்மோர், பானகம் கொடுப்பார். அதுவும் அழகருக்குச் செய்கிற சேவைதான். நான் சொன்னதாகச் சொல். தேவைப்பட்டால் நானே வந்து பேசுகிறேன்.

செல்லூர் தறிவீடு | வியாழன், மாலை 6.40

சித்தப்பா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தோப்பறை யாரிடம் போகும்?" என்று மட்டும் கேட்டார். என் மகனுக்குப் பதிமூன்று வயது. இன்றைக்குச் சாயங்காலம் அவனை உட்கார வைத்து ஆட்டுத்தோல் பையை எப்படிக் கட்டுவது, எப்படிப் பிடித்தால் தண்ணீர் சன்னமாகப் போகும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீர்மோர் விஷயத்துக்கு இன்னும் வாயால் சரி என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அம்மா வீட்டுச் செருப்புக்குச் சம்மதித்துவிட்டார். சமையலறைக்குள் மட்டும் கூடாதாம்.

புண் ஆறியதும் செருப்பு வாங்கிவிடுவோம். வாங்கிய அன்றே வெளியில் போட்டுப் போகலாமா? மீனாட்சி கோயிலுக்குப் போனால் என்ன செய்வது?

மைக்ரோ ரப்பர் | வியாழன், இரவு 7.30

முதல் நாள் ஒரு மணி நேரம், வீட்டுக்குள் மட்டும். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். வார் பட்ட இடத்தில் சிவந்திருந்து அரை மணி நேரத்திலும் மறையவில்லை என்றால் என்னிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்துச் சரிசெய்யுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள்.

வார்டு சிஸ்டர் | வியாழன், இரவு 9.15

புண் ஆறும்வரை கோயில் வேண்டாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆறிய பிறகு விடியற்காலையில், கல் குளிர்ந்திருக்கிற நேரத்தில் போங்கள். தடிமனான வெள்ளைப் பருத்தி சாக்ஸ், மேலே எலாஸ்டிக் இறுக்காதது. வெள்ளை என்றால் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம்.

ஒரு தடவை புண் வந்த காலில் மறுபடி வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை காலை மட்டும் காட்டவாவது மருத்துவரிடம் போய் வாருங்கள். காய்ப்பு மறுபடி கட்டினால் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.